ஸ்ட்ராட்டஜி கேம்களில் காலனி ஆதிக்கம் எவ்வளவு உண்மை? தக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

ஒரு நாட்டின் ஆட்சியைக் கையில் எடுத்து மேப்பில் ஆடும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றைப் பற்றித் தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது: "சார், யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-ல நெதர்லாந்தை எடுத்து ஆடினேன். இலங்கை, கொச்சி, வேணாடு எல்லாம் என் கைக்கு வந்துட்டு. ஆனா குளச்சல்ல டச்சுக்காரன் தோத்தான்னுதான் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். இந்த கேம்கள் காலனி ஆதிக்கத்தை எவ்வளவு சரியா காட்டுது? இதை வச்சு காலேஜ்ல ஒரு ப்ராஜெக்ட் செய்யலாமா?"

ப்ராஜெக்ட் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடலாம், தம்பி. கடல், வணிகம், பணம் என்று பார்த்தால் இந்த கேம்கள் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகின்றன. நிலம், மக்கள், ஆட்சி என்று பார்த்தால் ரொம்ப தூரம் போய்விடுகின்றன. செய்தவர்கள் உழைக்காததால் இப்படி ஆகவில்லை. கொடி, அரச வம்சம், தேதி எல்லாவற்றையும் தேடித் தேடித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டின் கைக்குள் போவதற்கு கேமில் பெரும்பாலும் இரண்டே வழிதான் இருக்கிறது. காலி இடத்தில் ஆட்களைக் குடியேற்றலாம், இல்லையென்றால் போரில் ஜெயித்து சமாதானப் பேச்சில் நிலத்தை எழுதி வாங்கலாம். வேணாடு வளர்ந்து உருவான திருவிதாங்கூர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. ஒப்பந்தம், வாடகைப் படை, பாக்கி என்று மூன்றாவது ஒரு வழியில் போனது. இந்தியாவின் பெரும்பகுதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கீழே வந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த மூன்றாவது வழியை கேம்கள் ஏன் காட்டுவதில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

முதல் வழியிலிருந்து ஆரம்பிக்கலாம். யூரோப்பா 4 ஆட்டம் 1444 நவம்பர் 11-இல் தொடங்கும்போது அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சைபீரியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி யாருக்கும் சொந்தமில்லாத ப்ராவின்ஸ்களாக, அதாவது மேப்பில் பிரித்த நிலத்துண்டுகளாக, கிடக்கும். நீங்கள் ஒரு காலனிஸ்டை அனுப்புவீர்கள். எண்ணிக்கை மெல்ல ஏறும். ஆயிரத்தைத் தொட்டால் அது முழு ஊர். அங்கே முன்பே இருந்த மக்கள் ஒரு எண்ணாகவும், எவ்வளவு மூர்க்கமானவர்கள் என்ற இன்னொரு எண்ணாகவும் இருப்பார்கள். தொல்லை கொடுத்தால் படையை விட்டு 'தாக்கு' என்று ஒரு பொத்தானை அழுத்தலாம், எண் பூஜ்ஜியமாகும். அழுத்தாமல் விட்டால் காலனி முடிந்ததும் அவர்கள் உங்கள் உற்பத்தியைக் கொஞ்சம் கூட்டிவிட்டுக் காணாமல் போவார்கள்.

உண்மையில் அமெரிக்கா காலியாக இருக்கவில்லை. காலியாக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு நோய்க்கு. 1520-இல் மெக்சிகோவுக்குள் நுழைந்த பெரியம்மை, ஸ்பானியத் தளபதி கோர்டெஸின் வாளைவிட அதிகம் பேரைக் கொன்றது. அடுத்த நூறு ஆண்டுகளில் மத்திய மெக்சிகோவின் மக்கள் தொகை பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வரை குறைந்ததாகப் பல ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. 1521-இல் டெனோச்டிட்லான் நகரத்தை முற்றுகையிட்ட படையில் ஸ்பானியர்கள் சில நூறு பேர்தான். மீதிப் பல்லாயிரம் பேர் அஸ்டெக்குகளின் பழைய எதிரிகளான த்லாஸ்கலா மக்களும் மற்றக் கூட்டாளிகளும். அவர்களுக்கு அவர்களுடைய கணக்கு இருந்தது. உள்ளூர் மக்களை மூர்க்கத்தின் அளவை வைத்து மட்டும் எண்ணும் ஒரு விதியில் அந்தக் கணக்கை வைக்க இடமே இல்லை.

இந்தியா காலி இடமில்லை என்று யூரோப்பா 4-க்குத் தெரியும். இங்கே காலனிஸ்டை அனுப்ப முடியாது, போர் செய்துதான் ப்ராவின்ஸ் பிடிக்க வேண்டும். பிடித்ததை ட்ரேட் கம்பெனிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். 2018-இல் வந்த தர்மா விரிவாக்கத்தில் உள்ளூர் அரசரிடம் பணம் கொடுத்து ஒரு ப்ராவின்ஸை வாங்கும் வசதியும் வந்தது. அது நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன். சென்னையில் கம்பெனி காலூன்றியதே 1639-இல் உள்ளூர் நாயக்கர் கொடுத்த அனுமதியால்தானே. என்றாலும் பெரிய அளவில் பிடிக்க வேண்டுமென்றால் கடைசியில் போர்தான் வழி. அதனால்தான் உங்கள் நெதர்லாந்து அவ்வளவு சுலபமாக வேணாட்டை விழுங்கியது. கேமில் ஒரு பக்கம் முழு நெதர்லாந்து, அதன் முழுக் கஜானா, முழுக் கப்பற்படை. மறுபக்கம் தெற்கு முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன நாடு.

குளச்சலில் அப்படி நடக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலும் இந்தப் போரைப் பற்றிப் பாதிதான் பேசுகிறோம்.

1741-இல் இங்கே வந்தது நெதர்லாந்து அரசு இல்லை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்குப் போர் ஒரு செலவுக் கணக்கு. 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த நாளிலிருந்து அவர்கள் தேடியது ஒன்றைத்தான்: நல்லமிளகு, அதுவும் தாங்கள் சொல்லும் விலைக்கு. அதற்காகச் சின்னச் சின்ன அரசர்களிடம் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அந்தச் சின்ன அரசுகளை ஒவ்வொன்றாகத் தன் நாட்டோடு சேர்க்க ஆரம்பித்தார். சேர்க்கச் சேர்க்க நல்லமிளகு ஒரே கைக்குப் போனது. விற்பவர் ஒருவராகிவிட்டால் வாங்குபவரின் பேரம் படுத்துவிடுமே. டச்சுக்காரர்களின் பயம் அதுதான். இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோஃப் 1739-இல் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார். இளயிடத்து ஸ்வரூபம் என்ற சிற்றரசின் ராணிக்கு ஆதரவாகக் கம்பெனி நின்றது, போர் வந்தது.

இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கடலோர ஊர்களைக் கொள்ளையடித்துக்கொண்டு கோட்டாறு வரை போனது. அப்போது தலைநகரம் பத்மநாபபுரம், அடுத்த குறி அது. வடக்கே இருந்த மார்த்தாண்ட வர்மா படையோடு தெற்கே திரும்பினார். டச்சுக்காரர்கள் குளச்சலில் அமைத்த அடைப்புக்குள் ஒதுங்கினார்கள். கடல் பக்கத்தை நம் கடற்கரை மக்கள் பார்த்துக்கொண்டார்கள். வெடிமருந்தில் தீப்பிடித்து அரிசி இருப்பும் எரிந்துபோக, 1741 ஆகஸ்டில் சரணடைந்தார்கள்.

அவர்களுக்கு ஏன் உதவி வரவில்லை? 1740 அக்டோபரில் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுக்காரர்கள் சீனர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து ஜாவாவில் மூண்ட போர் 1743 வரை ஓடியது. கம்பெனியின் கிழக்குத் தலைமையகமே நெருப்பில் இருக்கும்போது குளச்சலுக்கு யார் கப்பல் அனுப்புவார்கள்? நம் போரின் முடிவில் ஜாவாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கேமில் நீங்கள் நெதர்லாந்தாக ஆடும்போது ஜாவாவில் கலகம் வந்தால் ஒரு படையை அங்கே, ஒரு படையை இங்கே என்று ஒரே நாளில் பிரித்து அனுப்புவீர்கள். கொழும்பில் இருந்தவருக்கு அந்த வசதி கிடையாது.

நம் பக்கத்துப் பெருமையிலும் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். குளச்சலோடு டச்சுக்காரன் இந்தியாவை விட்டு ஓடிவிட்டான் என்று மேடையில் பேசுகிறார்கள். ஓடவில்லை. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில்தான் திருவிதாங்கூரின் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். கொச்சியை 1795-இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இங்கேதான் இருந்தார்கள். ஐரோப்பியரை முதலில் தோற்கடித்த ஆசிய அரசு நாம்தான் என்பதும் சரியில்லை. 1662-லேயே தைவானில் சீனத் தளபதி கொக்சிங்கா இதே டச்சுக் கம்பெனியின் ஸீலாண்டியா கோட்டையைப் பிடித்துவிட்டார். இதைச் சொல்வதால் குளச்சல் சின்னதாகிவிடாது. ஐரோப்பியர்களை 1750-க்கு முன்னால் ஆசிய அரசுகள் பலமுறை தடுத்து நிறுத்தின, அந்த வரிசையில் குளச்சலுக்குப் பெரிய இடம் உண்டு என்பதுதான் உண்மையான படம்.

சரணடைந்தவர்களில் ஒருவர் டி லனாய். அவர் மார்த்தாண்ட வர்மாவிடமே சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்து, 'வலிய கப்பித்தான்' என்ற பெயரோடு 1777-இல் இங்கேயே இறந்தார். உங்களுக்கு உதயகிரி பக்கம்தானே. கோட்டைக்குள் இருக்கும் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தோற்ற கம்பெனியின் அதிகாரி ஜெயித்த நாட்டின் படையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். யூரோப்பா 4-இல் ராணுவத் தொழில்நுட்பம் என்பது புள்ளி சேர்த்து ஏற்றும் படி. பழைய பதிப்புகளில் 'மேற்கத்தியமயமாதல்' என்று ஒரு பொத்தானே இருந்தது, 2016-இல் எடுத்துவிட்டு வேறு முறை கொண்டுவந்தார்கள். உண்மையில் தொழில்நுட்பம் ஆட்களோடு வந்தது. கைதியாக, கூலிப்படையாக, ஓடி வந்தவனாக வந்தது. காசு கொடுத்தும் வாங்கினார்கள். மார்த்தாண்ட வர்மா அஞ்சுதெங்குக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களுக்கு நல்லமிளகு கொடுத்து ஆயுதம் வாங்கினார். ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனியை வைத்து அடித்தார். இதைச் செய்யத் தெரிந்த அரசர்கள் இந்தியாவில் பல பேர் இருந்தார்கள். கேமில் கம்ப்யூட்டர் ஆடும் இந்திய அரசுகள் இப்படி எதையும் யோசிப்பதில்லை.

கடல் விஷயத்துக்கு வருவோம், அங்கே கேமுக்கு நியாயமான பாராட்டு கொடுக்கலாம். யூரோப்பா 4-இல் நிலம் எதுவும் பிடிக்காமல், கப்பல்களை மட்டும் நிறுத்தி ஒரு கடற்பகுதியின் வணிகத்தில் பங்கு கறக்கலாம். 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர்கள் செய்தது கிட்டத்தட்ட இதுதான். கார்ட்டாஸ் என்ற அனுமதிச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடித்தார்கள், சுங்கம் கறந்தார்கள். நிலத்தில் அவர்கள் கையில் இருந்தது சில கோட்டைகள்தான். இதை கேம் புரிந்துவைத்திருக்கிறது. கன்னியாகுமரி முனையின் பெயரிலேயே அந்த மேப்பில் ஒரு வணிக முனையம் உண்டு. ஆனால் முனையங்களுக்கு நடுவே ஓடும் அம்புக்குறிகள் மாறவே மாறாது. எல்லாப் பாதையும் கடைசியில் ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் என்று ஐரோப்பாவில் போய் முடியும். நீங்கள் வேணாட்டை எடுத்து உலகத்தையே ஜெயித்தாலும் லண்டன் பணத்தை கன்னியாகுமரிக்கு இழுக்க முடியாது. உண்மையில் பதினெட்டாம் நூற்றாண்டு வரை இந்தியாவுக்கு விற்க ஐரோப்பாவிடம் பெரிதாகச் சரக்கு கிடையாது. அமெரிக்கச் சுரங்கத்து வெள்ளியைக் கொண்டுவந்து கொட்டித்தான் துணியும் நல்லமிளகும் வாங்கினார்கள். பணம் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பியது 1757 பிளாசிப் போரும், 1765-இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கம்பெனிக்குப் போனதும். அதன்பின் இந்திய வரிப் பணத்திலேயே இந்தியச் சரக்கை வாங்கிக்கொண்டு போனார்கள். இத்தனை பெரிய திருப்பம் கேமில் நடப்பதே இல்லை, ஏனென்றால் 1444-லேயே அம்பு மேற்கே பார்த்து நிற்கிறது.

பிளாசியைச் சொன்னதால் ஒன்று. கிளைவின் படையில் ஏறக்குறைய மூவாயிரம் பேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தியச் சிப்பாய்கள். எதிரே நின்ற வங்காள நவாபின் தளபதி மீர் ஜாபர் தன் படையை ஒதுக்கி நிறுத்தினார். ஜகத் சேட் குடும்பத்தின் வட்டிக்கடைப் பணம் பின்னால் இருந்தது. இதை எந்தப் போர்க் கணக்கில் போடுவீர்கள்?

இப்போது மூன்றாவது வழி. திப்பு சுல்தான் 1789 டிசம்பரில் திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில் நெடுங்கோட்டையைத் தாக்கினார். ஆங்கிலேயக் கம்பெனி திருவிதாங்கூருக்கு ஆதரவாக நின்றது. உதவிக்கு விலை இருந்தது. 1795-இல் ஒரு ஒப்பந்தம் வந்தது: கம்பெனிப் படை பாதுகாப்புத் தரும், செலவை நாம் கட்ட வேண்டும். 1805-இல் இன்னொன்று வந்தது: வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய். பாக்கி விழுந்தால் உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடக் கம்பெனிக்கு உரிமை. இந்த 1805 ஒப்பந்தம் திருவிதாங்கூரின் முதன்மை அமைச்சரான வேலுத்தம்பி தளவாயின் காலத்தில்தான் ஆனது. தலக்குளத்தில் பிறந்தவர், நம் ஊர்க்காரர். பாக்கி ஏறியது. கம்பெனியின் ரெசிடென்ட், அதாவது அரசவையில் இருந்த அதன் பிரதிநிதி, மெக்காலே நெருக்கினார். கடைசியில் அதே வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் அறிக்கை விட்டுக் கம்பெனிக்கு எதிராக எழுந்தார். பிப்ரவரி 10-ஆம் தேதி கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை மதிலைத் தாண்டி உள்ளே வந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

போரில் ஜெயித்த கம்பெனி திருவிதாங்கூரை மேப்பில் தன் நிறத்துக்கு மாற்றவில்லை. ராஜா ராஜாவாகவே இருந்தார், 1949 வரைக்கும். கர்னல் மன்றோ ரெசிடென்டாக வந்தார். 1811-இலிருந்து 1814 வரை அவரே திவானாகவும் இருந்தார். கண்காணிக்க வந்தவரே நிர்வாகத்தையும் நடத்தினார். குடியேற்றம் இல்லை, ப்ராவின்ஸ் கைமாற்றம் இல்லை. ஒரு ஆள், ஒரு படை, ஒரு கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். யூரோப்பா 4-இல் வாஸல் (vassal) என்ற கீழ்நாட்டு முறை இருக்கிறது, 'விடுதலை வேட்கை' சதவீதம் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டைப் பாதுகாப்புச் செலவால் கடனாளியாக்கி, கடனைக் காட்டி நிர்வாகத்தைக் கைப்பற்றும் விளையாட்டு அங்கே கிடையாது. ஐதராபாத், அயோத்தி, தஞ்சாவூர், ஆற்காடு என்று இந்தியாவின் பாதிக் கதை இதுதான். ஆற்காட்டு நவாபின் கடன் கதையை மட்டும் வைத்தே ஒரு தனி கேம் செய்யலாம். அதை விளையாடினால் காலனி ஆதிக்கம் என்றால் என்னவென்று ஒரு மாணவனுக்கு உடனே பிடிபடும். எனக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்று ரொம்ப ஆசை.

இன்னொரு குறை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. கேமில் 'நாம்' என்பது ஒரே கட்டி. நாடு, மதம், கலாசாரம் என்று ஒவ்வொரு ப்ராவின்ஸுக்கும் ஒவ்வொரு முத்திரை. நம் குமரி மாவட்டத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டை அப்படிப் படிக்கவே முடியாது. தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் அரை நூற்றாண்டு அடிபட்டார்கள். 1859 ஜூலையில் மகாராஜா அறிக்கை விடும்போது அதன் பின்னால் சென்னை கவர்னர் ட்ரெவெலியனின் அழுத்தமும் இருந்தது. அந்தப் பெண்களை அடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கியது நம் சொந்த அரசு. 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயைச் சுற்றி ஜனங்கள் கூடியதற்கு இதெல்லாம் காரணம். அதே நேரத்தில் அந்த அரசை நாற்காலியில் தாங்கிப் பிடித்திருந்ததும், அதனிடம் கப்பம் வாங்கியதும் கம்பெனிதான். கப்பத்தின் பாரம் கடைசியில் யார் தோளில் இறங்கியிருக்கும் என்று யோசியுங்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வெள்ளைக்கார ஆட்சியையும் திருவனந்தபுரத்து ஆட்சியையும் சேர்த்தே நீசம் என்றார். சிறைக்கும் போனார். கேமில் அய்யாவை எங்கே வைப்பீர்கள்? கலகக்காரர் என்று ஒரு படையாக முளைக்க வைப்பார்கள், உங்கள் படை போய் அடித்துவிட்டு வரும். அவர் கையில் படையே இருக்கவில்லை.

உழைப்பு பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் நிறைய கேம்கள் இதைத்தான் முதலில் மறைக்கின்றன. 1994-இல் வந்த சிட் மையர்ஸ் கொலோனைசேஷன் கரும்பு, புகையிலை, பருத்தி பயிரிடுவதைப் பற்றியது. அடிமைகளே அதில் கிடையாது. 2019-இல் வந்த ஆன்னோ 1800 பார்க்க அவ்வளவு அழகு, அதன் புதிய உலகத் தோட்டங்களிலும் அடிமைமுறை இல்லை. அட்லாண்டிக்கைத் தாண்டக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது இன்றைய ஆய்வுக் கணக்கு. கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். கரும்புத் தோட்டத்தைக் காட்டிவிட்டு இவர்களை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது காலனி வரலாறு இல்லை. செய்தவர்களின் தயக்கம் புரிகிறது. அடிமையை ஒரு சரக்காக வைத்து ஆட்டக்காரனை லாபம் பார்க்க விடுவதும் அசிங்கம்தான். ஆனால் அந்த இடத்தில் ஒரு மனச்சங்கடம் வந்தால் தப்பே இல்லை என்பது என் கருத்து.

இந்த விஷயத்தில் 2022-இல் வந்த விக்டோரியா 3 பரவாயில்லை. 1836-இலிருந்து 1936 வரை ஓடும் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஆளும் ஏதோ ஒரு வேலையில் இருப்பார், சம்பளம் வாங்குவார், அரிசி விலை ஏறினால் கஷ்டப்படுவார். அடிமைமுறை ஒரு சட்டமாக இருக்கும். அதை ஒழிக்கப் போனால் அதனால் வாழ்பவர்கள் எதிர்ப்பார்கள். மலேரியாவுக்கு குயினைன் வரும்வரை ஆப்பிரிக்க உள்நாட்டில் காலனி பெரிதாக நகராது, அதுவும் சரி. கிழக்கிந்தியக் கம்பெனி பிரிட்டனுக்குக் கீழே தனி அமைப்பாகவே இருக்கும். ஆனால் மைய அரசு இல்லாத மக்களை நீங்கள் எடுத்து ஆட முடியாது. அவர்கள் பிடிக்கப்படக் காத்திருப்பவர்கள், கோபம் ஏறினால் ஒரு கிளர்ச்சி, அவ்வளவே. தோட்டத் தொழிலாளியின் கதையும் பாதிதான் வரும். கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர், கொடுத்த முன்பணம் கழுத்தைச் சுற்றியிருக்க, நம் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் இலங்கைக்குப் போனவர்களையும், 1877-இல் பூஞ்சார் அரசரிடமிருந்து வெள்ளைக்காரர் எழுதி வாங்கிய கண்ணன் தேவன் மலையில் தேயிலைக்காகக் காட்டை வெட்டியவர்களையும் நினைத்துப் பாருங்கள். கேம் அவர்களைச் சம்பளம் தேடிப் போனவர்கள் என்று காட்டும். அவர்கள் போனது கடனோடு.

எல்லா கேமுக்கும் பொதுவாக இருக்கும் பொய் ஒன்று உண்டு: ஆட்டக்காரன் எல்லாம் அறிந்தவன். நெதர்லாந்திலிருந்து பட்டாவியாவுக்குக் கப்பல் போக ஏறக்குறைய எட்டு மாதம். கேள்வி கேட்டுப் பதில் வர ஒன்றரை வருஷம். நெதர்லாந்தில் உட்கார்ந்து கம்பெனியை நடத்திய பதினேழு பேருக்குக் குளச்சல் தெரியவரும்போது டி லனாய் இங்கே வேலையில் சேர்ந்திருப்பார். அதனால் பேரரசுகள் பெரும்பாலும் ஓரத்தில் இருந்த அதிகாரிகளின் பேராசையாலும் பயத்தாலும் வளர்ந்தன. மேலிடம் பல சமயம் 'வேண்டாம், செலவு' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தது. அந்தத் தாமதத்தை வைத்தால் ஆட்டம் சலிப்பாகிவிடும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உருவம், பெயர் மாற்றங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3-இன் 2020 பதிப்பில் பூர்வகுடி மக்களின் பெயர்களை அவர்களே தங்களை அழைக்கும் விதத்தில் மாற்றினார்கள், நல்லது. சிவிலைசேஷன் 6-இல் 2018-இல் கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தபோது க்ரீ சமூகத் தலைவர் ஒருவரே எதிர்த்தார். நிலத்தைப் பிடித்துப் பரப்பும் ஆட்டத்தில் எங்கள் ஆளை வைத்தால், நாங்களும் அப்படி நினைத்தவர்கள் என்று ஆகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அது சரியான வாதம். படத்தை மாற்றிவிட்டு விதியை அப்படியே வைத்தால் போதாது. இந்திய அரசை எடுத்து லண்டனைப் பிடிப்பதில் பலருக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதில் தப்பில்லை. வான் இம்ஹோஃபிடம் மார்த்தாண்ட வர்மாவே, நானும் என் வள்ளங்களையும் மீனவர்களையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் படையெடுக்க யோசித்துக்கொண்டிருந்தேன் என்று பதில் சொன்னதாக வரலாற்று நூல்களில் வருகிறது. ஆனால் விதி அதேதான். கொடி மட்டும் இடம் மாறுகிறது.

2025 நவம்பரில் வந்த யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5-ஐயும் பாருங்கள். ஆட்டம் 1337-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு இடத்திலும் மக்களை எண்ணி வைத்திருக்கிறார்கள். 'காலி ப்ராவின்ஸ்' என்ற பழைய நோய்க்கு அது நல்ல மருந்துதான்.

ப்ராஜெக்ட் விஷயம்: செய்யலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் 'கேம்களில் காலனி ஆதிக்கம்' என்று அகலமாக எடுக்காதீர்கள், எதுவும் சொல்லாமல் முடிந்துவிடும். 1739 முதல் 1753 வரை மட்டும் எடுங்கள். யூரோப்பா 4-இல் அந்த வருடங்களை டச்சுப் பக்கமும் திருவிதாங்கூர் பக்கமும் ஆடி, ஒவ்வொரு முடிவையும் எந்த எண் தீர்மானித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே முடிவை உண்மையில் யார், எந்த மாதம், எந்தத் தகவலை வைத்து எடுத்தார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். கொச்சி டச்சுக்காரர்களின் பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூலம் டச்சு மொழியில் இருந்தாலும், அதில் ஒரு பகுதி நூறு வருஷத்துக்கு முன்பே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். வடக்கே கொச்சி, தெற்கே குளச்சல் என்று இரண்டு பத்தி போட்டு ஒரு காலவரிசை தயார் செய்துவிட்டு எழுதுங்கள், அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்புறம் பேசலாம்.